வளைவில் முனகும் கார்

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் மாட்டப்பட்டிருப்பினும், அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல. அச்சு அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு சக்கரமும் கடையாணியின் காவலில் தன் போக்கில் தனியே சுழல்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இடச்சக்கரம் மிகுந்த தொலைவு ஓடும். வலச்சக்கரம் குறைந்த தொலைவே ஓடும். இதன் பொருட்டு வண்டிக்காரர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தை அன்று. ஆதலால் சக்கரங்கள் தத்தமக்கு வேண்டிய அளவு உருண்டுகொள்கின்றன.

மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. அங்கே எஞ்சின் சக்கரத்தையே சுழற்றுகிறது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டுச் சுழற்றினால், நேர்ச்சாலையில் தொல்லையில்லை. திருப்பத்தில் இரண்டும் ஒரே அளவு சுழல முயலும். முடியாமல் ஒன்று சாலையில் தேய்த்துக்கொண்டு போகும். டயரின் ரப்பர் கரையும், அச்சுத்தண்டு முறுக்குண்ணும். சக்கரங்களுக்கு ஆற்றலும் வேண்டும், தனித்தனியே சுழலும் உரிமையும் வேண்டும் என்ற இந்தச் சிக்கலைத் தீர்க்க, பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1827 ஆம் ஆண்டில் நீராவி வண்டிக்கென ஒரு பற்சக்கர அமைப்பை வகுத்தார். அதுவே இன்று டிபரன்ஷியல் எனப்படுவது. தமிழில் 'வேறுபாட்டுப் பல்லமைப்பு' எனலாம். சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு என்பது பொருள். ஆயினும் பட்டறையில் வழங்கும் சொல்லையே இக்கட்டுரையிலும் வழங்குவோம்.

ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டத்திலும் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணி வருவோர் உண்டு. அவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று: "நேரே போகும்போது வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, குறுகிய முனையில் திரும்பினால் பின்பக்கம் முனகுகிறது." உடனே பின்னச்சைக் கழற்றிப் பிரிப்பவர் உளர்; பொருட்செலவு அவர்க்கு. 'பழைய வண்டி அப்படித்தான்' என்று விட்டுவிடுபவரும் உளர். அவர்க்குப் பின்னால் பெருஞ்செலவு. இவ்விரு வழியும் வேண்டா. எந்த உறுப்பு எப்போது அசைகிறதோ, அப்போதுதான் அஃது ஒலிக்க முடியும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், ஒரு மரையையும் கழற்றாமலே நோயின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் கண்டுவிடலாம். அதற்கு முன் உறுப்புகளின் வேலையை அறிய வேண்டும்.

சேற்றில் சிக்கிய லோரி

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. எனினும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மழைக்காலத்துச் செம்மண் சடக்கை மறந்திருக்கமாட்டார்கள். லோரியின் பின்சக்கரம் ஒன்று சேற்றில் இறங்கிவிடும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். சேற்றில் இருக்கும் சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வீணே சுழலும். உறுதியான தரையில் இருக்கும் சக்கரமோ அசையாமல் நிற்கும். ஆற்றல் வேண்டிய சக்கரத்திற்கு அது கிடைப்பதில்லை. வேண்டாத சக்கரத்திற்கே எல்லாச் சுழற்சியும் போய்ச் சேரும். மட்டையும் கல்லும் கொண்டுவந்து போட்டு, பத்துப் பேர் தள்ளியபின்தான் லோரி கரையேறும்.

இதற்குக் காரணம் டிபரன்ஷியலின் நேர்மை எனலாம். சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் திருக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலும்போது, அதைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும். அந்தச் சிறிய விசைக்குச் சமமானது மட்டுமே மற்றச் சக்கரத்திற்கும் கிடைக்கும். அதைக்கொண்டு லோரியை நகர்த்த இயலாது.

லோரிக்குச் சேறு எதுவோ, ஆற்றல் மிக்க பந்தயக் காருக்கு வளைவு அது. விரைந்து திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உட்சக்கரம் பாரமிழந்து, பிடிப்பிழந்து, புகை கிளம்பச் சுழல்கிறது. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் இத்தொல்லை மிகுதியாக இருந்தது. அதைத் தீர்க்கும்படி ஸெட்.எஃப். என்னும் ஜெர்மானியப் பற்சக்கர நிறுவனத்தை 1935 இல் அவர் கேட்டுக்கொண்டார். அவ்வழியில் பிறந்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். பட்டறையில் இதனை எல்.எஸ்.டி. என்று மூன்றெழுத்தில் சுருக்கிச் சொல்வர்.

அதன் பின்னர் இவ்வமைப்பு சாலைக் கார்களுக்கும் வந்தது. 1961 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், 3.8 லிட்டர் எஞ்சினுடன் 'பவர்-லாக்' என்னும் எல்.எஸ்.டி.யையும் கொண்டிருந்தது. மறு ஆண்டே, 1962 இல், சிங்கப்பூர் தாம்சன் சாலையில் மலேசிய கிராண்ட் பிரீ என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் யோங் நாம் கீ வெற்றி பெற்றது ஓர் இ-டைப் காரில்தான். ஆகவே இக்கட்டுரைக்கு அந்தக் காரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தட்டு வகை எல்.எஸ்.டி. உள்ள மற்றக் கார்களுக்கும் இங்கே கூறும் முறை பொருந்தும்.

தட்டுகளின் வேலை

எஞ்சினிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னோக்கி வருகிறது. அதன் நுனியில் 'பினியன்' என்ற சிறு பற்சக்கரம். அது 'கிரவுன்' என்ற பெரிய வளையப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் ஒரு கூட்டின்மேல் இறுக்கப்பட்டிருக்கிறது. கூட்டிற்குள்ளே சிறு பற்சக்கரங்களும், இரு பக்க அச்சுத்தண்டுகளைப் பிடித்திருக்கும் பக்கப் பற்சக்கரங்களும் உள்ளன. இதுவரை சொன்னது எல்லா டிபரன்ஷியலுக்கும் பொது.

எல்.எஸ்.டி.யில் கூடுதலாக இருப்பவை தட்டுகள். ஒவ்வொரு பக்கப் பற்சக்கரத்தை ஒட்டியும் மெல்லிய எஃகுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டு கூட்டோடு சேர்ந்து சுழலும். அடுத்தது அச்சுத்தண்டோடு சேர்ந்து சுழலும். இவ்வாறு ஒன்று விட்டு ஒன்று. எஞ்சினின் விசை வரும்போது, உள்ளே உள்ள குறுக்குத் தண்டுகள் சாய்தளங்களில் ஏறி இத்தட்டுகளை நெருக்குகின்றன. நெருக்கம் மிகுந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் சக்கரங்கள் தனித்தனியே ஓடுவது கடினமாகும். பிடிப்பிழந்த சக்கரம் மனம்போல் சுழல இயலாது. பிடிப்புள்ள சக்கரத்திற்கும் விசை போய்ச் சேரும்.

இங்கே ஒன்றைக் கருதுக. கார் நேரே ஓடும்போது இரு சக்கரங்களும் சமமாகச் சுழல்கின்றன. அப்போது கூடும் தட்டுகளும் பக்கப் பற்சக்கரங்களும் ஒரே பொருளைப்போல் ஒட்டுமொத்தமாகச் சுழலும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே அசைவே இல்லை. அசைவு பிறப்பது திருப்பத்தில்தான். ஆனால் கிரவுனும் பினியனும், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஓய்வின்றி உழைக்கின்றன. நோயறியும் முறைக்கெல்லாம் அடிப்படை இந்த வேற்றுமையே.

ஒரு சிறு கணக்கு

இ-டைப் காரின் பின்சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.27 மீட்டர். கார் ஒரு முனையில் கால்வட்டம் திரும்புகிறது என்க. உட்சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் சென்றால், வெளிச்சக்கரம் 6.27 மீட்டர் ஆரத்தில் செல்லும். உட்சக்கரம் ஓடியது ஏறத்தாழ 7.85 மீட்டர், வெளிச்சக்கரம் ஓடியது ஏறத்தாழ 9.85 மீட்டர். வேறுபாடு 2 மீட்டர். டயரின் சுற்றளவும் ஏறத்தாழ 2 மீட்டரே. எனவே ஒரு கால்வட்டத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுழல்கிறது.

வியப்பு யாதெனில், வளைவின் ஆரம் 5 மீட்டராயினும் 50 மீட்டராயினும் இந்த வேறுபாடு மாறுவதில்லை. கால்வட்டத்திற்கு ஒரு சுற்று என்பது நிலையான கணக்கு. பெரிய வளைவில் அந்த ஒரு சுற்று நீண்ட தொலைவில் பரவிக் கிடக்கும்; தட்டுகள் மெல்ல நழுவும். குறுகிய முனையில் அதே ஒரு சுற்று எட்டு மீட்டருக்குள் முடிந்தாக வேண்டும். ஈப்போ பழைய நகரத்துக் குறுகிய தெருமுனையிலும், கடைக்கு முன்னே காரை நிறுத்தத் திருப்பும்போதும் முனகல் கேட்பதும், நெடுஞ்சாலை வளைவில் கேட்காததும் இதனாலேயே. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையிலோ வளைவுக்குப்பின் வளைவாக வருகிறது; தட்டுகளுக்கு ஓய்வில்லை; எண்ணெய் சூடேறும். கீழே பேசாதிருந்த வண்டி மலைமேல் பேசத் தொடங்குவதும் உண்டு.

முனகல் ஏன் எழுகிறது?

உராய்வு இரு வகை என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. நிற்கும் பொருளை அசைக்கத் தடையாய் இருப்பது நிலை உராய்வு. அசைந்துகொண்டிருக்கும் பொருளைத் தடுப்பது இயக்க உராய்வு. வழக்கமாக நிலை உராய்வே மிகுதி. தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அச்சுத்தண்டு சற்றே முறுக்குண்ணும். முறுக்கம் எல்லை மீறியதும் தட்டு சட்டென நழுவும். முறுக்கம் தளர்ந்ததும் மீண்டும் பற்றும். இது நொடிக்குப் பல முறை நிகழ்ந்தால் அதிர்வாகும், அதிர்வு ஒலியாகும். வயலின் வில்லில் தடவிய குங்கிலியம் தந்தியைப் பற்றி விட்டுப் பற்றி விட்டு நாதம் எழுப்புவதும் இதே முறையில்தான். அங்கே இனிமை; இங்கே முனகல்.

இதைத் தடுக்கவே எல்.எஸ்.டி.க்கான எண்ணெயில் உராய்வைத் திருத்தும் கூட்டுப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. அது நிலை உராய்வைக் குறைத்து, தட்டு சட்டெனப் பாயாமல் வழுவழுவென நழுவும்படி செய்கிறது. சாதாரணப் பின்னச்சு எண்ணெயை ஊற்றினால் பற்சக்கரங்களுக்குக் குறையில்லை, தட்டுகளோ முனகும். பழைய எண்ணெயில் அக்கூட்டுப்பொருள் வலுவிழந்துபோனாலும் அதே விளைவுதான். ஆகவே நன்கு ஓடிச் சூடேறிய வண்டி, குறுகிய திருப்பத்தில், இடம் வலம் ஆகிய இரு பக்கமும் ஒரேவிதமாக முனகி, நேரே திரும்பியவுடன் அடங்கினால், முதலில் ஐயுற வேண்டியது எண்ணெயையே, எஃகை அன்று. இ-டைப் காரின் பின்னச்சு கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். அதை மாற்றிப் பார்க்காமல் பின்னச்சைப் பிரிப்பது, தலைவலிக்கு மண்டையைத் திறப்பது போன்றது.

நேரே ஓடும்போது எழும் ஒலிகள்

திருப்பமின்றி நேர்ச்சாலையில் ஒலி கேட்டால், தட்டுகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அப்போது அவை அசைவதில்லை என்று முன்னரே கண்டோம். அங்கே ஆராய வேண்டியவை நான்கு: கிரவுன்-பினியன், பேரிங், டயர், தண்டின் இணைப்புகள்.

இவற்றைப் பிரித்தறியச் சுருதி உதவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு 8 முறைக்குச் சற்று மேல் சுழலும். கிரவுனில் 43 பற்களும் பினியனில் 13 பற்களும் இருப்பதாகக் கொண்டால், எஞ்சினிலிருந்து வரும் தண்டு நொடிக்கு 27 அல்லது 28 முறை சுழலும். பல்லோடு பல் மோதுவது நொடிக்கு ஏறத்தாழ 358 முறை. சக்கரத்தில் உள்ள குறை நொடிக்கு எட்டாக, எண்ணிவிடலாம் போன்ற தடதடப்பாகத் தெரியும். தண்டின் குறை இருக்கையையும் தரையையும் நடுங்கச் செய்யும் அதிர்வாகத் தெரியும். பற்களின் குறையோ வாயால் பாடிக் காட்டக்கூடிய ஒரு சுரமாக, சீழ்க்கை போலவோ ஊளை போலவோ கேட்கும். வேகம் பாதியானால் அச்சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். தட்டுகளின் முனகல் இவ்வாறு வேகத்திற்கேற்பச் சீராக ஏறி இறங்குவதில்லை.

அடுத்த சோதனை காலால் செய்வது. ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துக; பின்னர் விடுக. அழுத்தும்போதோ விடும்போதோ ஊளை மாறினால் கிரவுன்-பினியன் பற்களின் பொருத்தத்தில் குறை இருக்கலாம்; ஏனெனில் அழுத்தும்போது பல்லின் ஒரு முகமும், விடும்போது மறுமுகமும் சுமை தாங்குகின்றன. எப்படி மிதித்தாலும் மாறாத உறுமலாயின், சக்கரத்துப் பேரிங்கை நோக்குக. அதனை உறுதிசெய்ய வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பார்க்கலாம். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடச்சக்கரத்தின்மேல் சாயும். அப்போது உறுமல் மிகுந்தால் குறை இடப்பக்கத்தது. இனி, சாலையின் மேற்பரப்பு மாறியதும் ஒலியும் மாறினால் அது டயரின் ஒலியே. புதிய தாரில் அடங்கி, பழைய சாலையில் எழும் இரைச்சலுக்குப் பின்னச்சைப் பழிப்பது பிழை.

டயரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கோலகங்சாரில் 1877 ஆம் ஆண்டில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழிலால் வாழ்ந்த மாநிலம் நம்முடையது. டயரின் அருமையை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பின்சக்கரம் ஒன்றில் புது டயரும் மற்றதில் தேய்ந்த டயரும் மாட்டி ஓட்டுவோர் உளர். ஒன்றன் சுற்றளவு 2 மீட்டர், மற்றது 1.98 மீட்டர் என்க. நூற்றில் ஒரு பங்குதான் குறைவு. கிலோமீட்டருக்கு ஒன்று 500 முறை சுழலும். மற்றது 505 முறை சுழலும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர்வரை 200 கிலோமீட்டர் எனக் கொண்டால், நேர்ச்சாலையிலேயே 1000 சுற்று வேறுபாடு. திருப்பத்தில் மட்டும் நழுவ வேண்டிய தட்டுகள் வழிநெடுகத் தேய்ந்துகொண்டே வரும். சாதாரண டிபரன்ஷியல் இதைப் பொறுத்துக்கொள்ளும், எல்.எஸ்.டி. பொறுக்காது. நேர்ச்சாலையில் தட்டுகள் அசைவதில்லை என்ற விதிக்கு விலக்கு இஃதொன்றே. அவ்விலக்கை உண்டாக்குபவர் வண்டியின் உரிமையாளரே.

'டக்' என்னும் ஒலி

ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு முறை, விட்டவுடன் ஒரு முறை 'டக்' என்று கேட்டால், அது தளர்வின் ஒலி. விசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது இடைவெளி உள்ள இடத்தில் எஃகு எஃகை மோதுகிறது. இ-டைப் காரில் இதற்கு இடங்கள் பல. சக்கரத்திற்குச் செல்லும் பக்கத்தண்டுகளின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயிண்டுகள் உள்ளன. கிரீஸ் இடாது விட்டால் அவை தேயும். பின்னச்சுத் தொகுதி முழுவதும் நான்கு ரப்பர்த் தாங்கிகளால் உடற்பகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வெயிலிலும் எண்ணெய்க் கசிவிலும் ரப்பர் எஃகைவிட்டுப் பிரியும். அப்போது பின்னச்சே அசைந்து மோதும். டிபரன்ஷியலுக்குள் நோய் இல்லாமலே டிபரன்ஷியலிலிருந்து ஒலி வருவதுபோல் தோன்றும். எனவே 'டக்' ஒலிக்கு உள்ளே தேடுமுன் வெளியே தேடுக.

இ-டைப் காருக்கே உரிய இடர் இன்னொன்று உண்டு. அதன் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்தின் அருகில் இல்லை. டிபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கின்றன. பிரேக்கின் வெப்பம் பக்கத்து ஆயில் சீலைச் சுட்டுக் கெடுக்கும். எண்ணெய் கசிந்தால் உள்ளே மட்டம் குறைந்து ஒலி எழும். வெளியே வந்த எண்ணெயோ பிரேக் தட்டில் படும். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமற்போனால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஒலிக்காகக் குனிந்து பார்த்தவர் கசிவைக் கண்டு உயிர் பிழைப்பதும் கூடும்.

ஒலிக்குச் சொற்கள்

இக்கட்டுரை தமிழாசிரியர்க்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பட்டறைக்குச் செல்பவர் பெரும்பாலும் சொல்வது "சத்தம் கேட்கிறது" என்ற இரண்டு சொற்களே. அதைக்கொண்டு எவரும் நோயறிய முடியாது. ஒலியைக் குறிக்கும் சொற்களுக்கோ நம் மொழியில் பஞ்சமில்லை. முனகல், உறுமல், ஊளை, சீழ்க்கை, ரீங்காரம், இரைச்சல் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒலி. இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அவ்விரட்டைக்கிளவி என்ன வேலை செய்கிறது என்பதைப் பட்டறையில் காணலாம். 'தடதட' என்றால் சக்கரம்; 'நறநற' என்றால் பேரிங் உடைந்திருக்கலாம்; 'கிறுகிறு' என்பதும் 'கடகட' என்பதும் ஒன்றல்ல.

எனினும் ஒலியின் பெயர் பாதி விடையே. ஒருவர்க்கு உறுமலாகக் கேட்பது மற்றவர்க்கு முனகலாகக் கேட்கலாம். 'எப்போது' என்ற கேள்விக்குரிய விடை அவ்வாறு ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. பெயரோடு காலத்தையும் சேர்த்து, "வண்டி சூடானபின், குறுகிய திருப்பத்தில், இரு பக்கமும், 'கொறகொற' என்று முனகுகிறது" என்று சொல்பவர், மருத்துவரிடம் பாதி நோயை அவரே கண்டறிந்து சொன்னவராவார். மாணவர்க்கு விளக்கவுரை எழுதப் பழக்கும்போது இத்தகைய பயிற்சியும் தரலாம்.

சோதிக்கும் வரிசை

செலவு குறைந்ததை முதலிலும் மிகுந்ததை இறுதியிலும் வைப்பதே முறை.

முதலாவது, பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவும் ஒரே தேய்வும் உடையனவா, காற்றழுத்தம் சமமா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஆளில்லாத திடலிலும் நேர்ச்சாலையிலும் ஓட்டி, ஒலி எழும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: நேரேயா திருப்பத்திலா, மிதிக்கும்போதா விடும்போதா, குளிர்ந்தபோதா சூடேறியபின்னா? மூன்றாவது, எண்ணெய் மட்டத்தையும் கசிவையும் ரப்பர்த் தாங்கிகளையும் யூனிவர்சல் ஜாயிண்டுகளையும் சோதிக்க வேண்டும்.

நான்காவது, எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு காந்தத்தில் ஒட்டுவது இயல்பான தேய்வு. எஃகுச் சில்லுகள் வந்தால் அத்துடன் ஓட்டத்தை நிறுத்தி, பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. சில்லு இல்லையெனில், தயாரிப்பாளர் கையேடு கூறும் தரத்து எண்ணெயை, கூட்டுப்பொருள் சேர்ந்ததாகப் பார்த்து ஊற்றுக. பின்னர்த் திடலில் மெதுவாக, எட்டு என்ற எண்ணின் வடிவில் பத்துச் சுற்று ஓட்டுக. புதிய எண்ணெய் தட்டுகளின் இடையே புகுவதற்கு இவ்வோட்டம் வேண்டும். பல வேளைகளில் முனகல் இத்துடன் ஒழியும்.

ஒழியாவிடின் ஐந்தாவது சோதனை. எஞ்சினை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கித் தாங்கியின்மேல் நிறுத்துக. கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தைத் திருக்கு அளக்கும் ஸ்பேனரால் திருப்பிப் பார்த்தால் தட்டுகளின் பிடிப்பு எவ்வளவு என்பது தெரியும். வழுவழுவென ஒரே சீராகத் திரும்பினால் நலம். விட்டு விட்டுத் துள்ளித் திரும்பினால் தட்டுகள் கெட்டிருக்கின்றன. கையால் தொட்டவுடன் எளிதாகச் சுழன்றால் தட்டுகள் தேய்ந்தொழிந்தன. அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டபின் பிரிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்யலாம்.

எஞ்சின் ஓடக் கூடாது

மேற்கூறிய சோதனையில் 'எஞ்சினை நிறுத்தி' என்றது வெறும் சடங்கன்று. சாதாரண டிபரன்ஷியல் உள்ள காரில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி எஞ்சினை ஓட்டினால், தூக்கிய சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும் என்று பலர் பழகியிருக்கின்றனர். அந்தப் பழக்கத்தை எல்.எஸ்.டி. உள்ள காரில் காட்டினால், தரையில் உள்ள மற்றச் சக்கரத்திற்கும் விசை போகும். கார் ஜாக்கிலிருந்து பாய்ந்து இறங்கும். அடியில் படுத்து ஒலி கேட்பவரின் கதி என்னாகும்? எஞ்சின் ஓட்டத்தில் பார்த்தே தீர வேண்டுமாயின், இரு பின்சக்கரங்களும் உறுதியான தாங்கிகளின்மேல் தரையைத் தொடாதிருக்க வேண்டும். அதுவும் அதற்குரிய கருவிகள் உள்ள பட்டறையில், அடியில் எவரும் இல்லாதபோது. பழைய கார் வாங்குபவர், தம் வண்டியில் எந்த வகை டிபரன்ஷியல் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதன் பொருட்டே.

பேசாமையும் நலமன்று

இறுதியாக ஒன்று. முனகல் நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தட்டுகள் முற்றிலும் தேய்ந்துபோன எல்.எஸ்.டி. சிறிதும் முனகாது, பற்றிக்கொள்ள ஏதும் இல்லாதபோது நழுவும் ஒலி எங்கிருந்து வரும்? கூட்டுப்பொருளை அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் ஒலி அடங்கும். அதனோடு பிடிப்பும் அடங்கும். தைப்பிங் மழையில் ஒரு சக்கரம் ஈரப்புல்லில் இறங்கும்போது அத்தகைய வண்டி, சேற்றில் சிக்கிய தோட்டத்து லோரியைப்போல் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். இதற்கு மாறாக, தட்டுகள் மிகையாக இறுகிவிட்டால், ஈரச்சாலை வளைவில் இரு பின்சக்கரங்களும் ஒருங்கே வழுக்கிக் காரின் பின்பக்கம் விலகிப்போகும். மிகுந்த பிடிப்பும் இடர்; பிடிப்பின்மையும் இடர்.

ஆதலால் எண்ணெய் மாற்றியபின் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. ஒன்று, குறுகிய திருப்பத்தில் முனகல் நின்றதா என்பது. மற்றது, ஒரு சக்கரத்தைத் தூக்கித் திருப்பும்போது தட்டுகள் கையேட்டில் கண்ட அளவுக்குப் பற்றுகின்றனவா என்பது. முன்னதைக் காது சொல்லும். பின்னதை அளவுகோல்தான் சொல்லும். இரண்டும் ஒத்து வந்தபின்னரே அந்தப் பழைய வண்டியைக் கேமரன் மலைப்பாதையில் ஏற்றலாம்.